பொய் சொன்ன முள்



வடசென்னை எஞ்சின் ஒலியோடு வளர்ந்த பகுதி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1948 இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955 இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, எண்ணூரில் லாரிகளைச் செய்யும் பெருந்தொழிற்சாலையாக வளர்ந்தது. இப்பகுதியில் பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் நான். கற்பித்த பாடத்தை எனக்கே திரும்பக் கற்பித்த ஒரு பழைய லாரியைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் திருவொற்றியூரில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். ஒரு நாள் மாலை அங்குச் சென்றிருந்தேன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் பழைய லாரி ஒன்று வாயிலில் நின்றது. அதன் கிளீனரான இளைஞன், முன்கையில் கட்டுடன் திண்ணையில் அமர்ந்திருந்தான்.

“ரேடியேட்டர் கொதித்துவிட்டது, ஐயா. ஆனால் மீட்டரில் முள் குளிர்ந்த பக்கமே நின்றது. அதை நம்பி இவன் மூடியைத் திறந்துவிட்டான்” என்றார் ஓட்டுநர்.

மூடிய ரேடியேட்டரில் அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் நீங்க, அந்நீர் ஒரே கணத்தில் கொதித்துச் சீறி எழும். முள் சொன்ன பொய்க்கு அவ்விளைஞன் தன் தோலை விலையாகக் கொடுத்தான்.

வேறோரிடத்தில் சென்சாரை இரு முறை மாற்றியும் பயனில்லை. கழற்றிய பழைய சென்சார்கள் இரண்டையும் ஓட்டுநர் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தார். “அண்ணே, அவை இருக்கட்டும். முதலில் எஞ்சின் ஆறட்டும்” என்றார் என் மாணவர்.

சென்சார் என்பது யாது? உலோகக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை மிகும். வேறு சில பொருள்களிலோ சூடு ஏற ஏறத் தடை குறையும். இப்பண்பை 1833 இல் மைக்கேல் பாரடே வெள்ளி சல்பைடில் கண்டார். அத்தகைய பொருளைச் சிறு பித்தளைக் கூட்டில் அடைத்து, எஞ்சினைச் சுற்றிவரும் நீரில் முனை படும்படி திருகி வைக்கிறார்கள். நீர் சூடேற, தடை குறையும், மின்னோட்டம் மிகும், முள் ஏறும்.

அதை அணுகுவதுதான் அரிது. நம் நாட்டில் லாரியின் அடிச்சட்டத்தை ஒருவர் செய்ய, அதன் மீது கேபினை வேறொருவர் கட்டுவது நெடுங்கால வழக்கம். அந்த லாரியில் எஞ்சினின் பாதி கேபினுக்குள்ளேயே இருந்தது. துருவேறிய போல்ட்டுகளைக் கழற்றி எஞ்சின் மூடியைத் தூக்கினோம். அதன் கீழே காற்றுக் குழாய். அதற்கும் கீழே, விரல் நுனி மட்டும் எட்டும் இடத்தில் சென்சார். குழாயைக் கழற்றியதும் அதன் வாயைத் தூய துணியால் அடைத்தார் என் மாணவர். அதனுள் ஒரு நட்டு விழுந்தாலும் எஞ்சின் பாழாகிவிடும் அல்லவா? பிறகு சிறிது நீரை வடித்துவிட்டுச் சென்சாரைத் திருகி எடுத்தார்.

நானும் சென்சாரையே ஐயுற்றேன். ஆகவே ஒரு பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, வெப்பமானியோடு அதன் முனையையும் அமிழ்த்தி, மல்டிமீட்டரால் தடையை அளந்தோம். 60 டிகிரியில் ஏறத்தாழ 130 ஓம். 90 டிகிரியில் 50 ஓம். முறைப்படி இறங்கியது. துணியில் முடிந்திருந்த இரண்டையும் அவ்வாறே சோதித்தோம். மூன்றும் நல்லவை! குற்றமற்ற இரண்டு முன்பே தண்டனை பெற்றுவிட்டன.

அடுத்து, சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், சென்சாருக்கு வரும் வயரின் முனையை எஞ்சினின் இரும்பில் ஒரு கணம் தொட்டோம். தடையே இல்லாததால் முள் கடைசிக் கோட்டுக்குப் பாய்ந்திருக்க வேண்டும். அது 75 அருகே நின்றுவிட்டது. மின்னணு முறையில் இயங்கும் புதிய லாரிகளில் இவ்வாறு தொட்டுப் பார்ப்பது தகாது. அவற்றுக்குச் செய்தவரின் கையேடே வழிகாட்டி.

மின்சாரத்தைத் துண்டித்து வயரை அளந்தோம். 80 ஓம் காட்டியது. நல்ல வயரில் ஓர் ஓம்கூட இருக்கலாகாது. கைக்கண்ணாடியைச் சாய்த்து, டார்ச் ஒளியில் நோக்கியபோது காரணம் புலனாயிற்று. செப்பு இழைகள் டெர்மினலுக்குள் நுழையும் இடம் பச்சைக் களிம்பால் மூடியிருந்தது. எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது.

இப்போது கணக்கைப் பாருங்கள். எஞ்சின் 90 டிகிரியில் இருக்கையில் சென்சாரின் தடை 50 ஓம். களிம்பின் 80 ஓமையும் கூட்டினால் 130. மீட்டரோ 130 ஓம் என்றால் 60 டிகிரி என்றே அறியும். எஞ்சின் எரிந்தாலும் முள் அமைதியாக நிற்கும். 1827 இல் ஓம் வெளியிட்ட விதியை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதன் பொருள் ஓர் இளைஞனின் கையில் கட்டாக இருந்ததை அன்றுதான் கண்டேன்.

டெர்மினலை வெட்டியெறிந்து, புதியதைப் பற்றவைத்து, உப்புக்காற்று புகாதபடி கிரீஸ் பூசினார் என் மாணவர். செலவு சில ரூபாய்தான். எஞ்சின் கொதித்ததற்கு வேறு காரணம் இருந்தது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. துறைமுகச் சாலையில் லாரி ஊர்ந்து செல்லும்போது எதிர்க்காற்று இராது. விசிறி ஒன்றே துணை. முள் உண்மை சொல்லியிருந்தால் முதல் நாளே பெல்ட்டை இறுக்கியிருப்பார்கள்.

நண்பர்களே, பழுதுபட்டால் அபாயத்தைக் காட்டும் கருவி உண்டு; பழுதுபட்டால் நலத்தைக் காட்டும் கருவியும் உண்டு. முன்னது நம்மை அலைக்கழிக்கும். பின்னது நம்மைச் சுட்டுவிடும். இத்தகைய மீட்டரில் வயர் அறுந்தாலும் முள் குளிர்ந்த பக்கமே கிடக்கும். ஆகவே அரைமணி ஓடிய பின்பும் ஏறாத முள்ளைக் கண்டால் மகிழ வேண்டாம், ஐயுறுங்கள். பொருளை மாற்றுமுன் அளந்து பாருங்கள். கைக்கு எட்டாத இடத்தில் கண்ணையாவது செலுத்துங்கள்.

அந்த இளைஞனின் கை ஆறிவிட்டது. இப்போதெல்லாம் மூடியைத் தொடுமுன் முள்ளைப் பார்ப்பதில்லை. எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கிறான்.