படுவான்கரையில் தேரோடும் ஊர்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. கடலும் பட்டணமும் பெருந்தெருவும் எழுவான்கரையில். வயலும் காடும் குளமும் படுவான்கரையில். பட்டணத்துக்குச் சோறு போடுவது படுவான்கரைதான். இன்றைக்கு அந்தக் கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்குப் போவோம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் ஆரையம்பதி தாண்டி வலப்பக்கம் திரும்பினால் மண்முனைத்துறை. 2014 வரை இங்கே பாலமில்லை. சைக்கிள், நெல்மூட்டை, நோயாளி எல்லாம் பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். பாதை என்றது மிதவையை. அது அக்கரையில் நின்றால் காத்திருப்புத்தான். இப்போது ஜப்பான் உதவியில் கட்டிய பாலத்தால் சில நிமிசத்தில் கடந்துவிடலாம். அவசரமில்லையென்றால் பாலத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கீழே தோணியில் ஒருவர் வீச்சுவலையின் விளிம்பைப் பல்லில் கடித்து, மிச்சத்தை முழங்கையில் மடித்துப் போட்டு, இடுப்பைத் திருப்பி விசிறுவார். வட்டமாக விரிந்து விழும். இறால் அகப்பட்டால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள்.

தை, மாசியில் போனால் வேளாண்மை வெட்டு. தெருவின் பாதியில் நெல் காயும். பஸ் மறுபாதியில் ஒதுங்கிப் போகும். களவெட்டியில் மாடு வளைத்துச் சூடடித்த காலம் போய், வெட்டுமெசின் வந்துவிட்டது.

கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்து ஊர் மகிழடித்தீவு. 1987 ஜனவரியில் இறால் பண்ணையிலும், 1991 ஜூன் 12-ல் ஊருக்குள்ளும் படையினர் பொதுமக்களைக் கொன்றார்கள். இரண்டாவதை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழுவே வந்தது. இதைச் சொல்லாமல் இந்த வழியைக் கடக்க எனக்கு மனமில்லை.

இனிக் கொக்கட்டிச்சோலைக் கோயில். தான்தோன்றீஸ்வரர் கொக்கட்டி மரத்தடியில் வெளிப்பட்டவர் என்பது ஐதீகம். இடிக்க வந்த பறங்கித் தளபதியின் முன்னால் கல் நந்தி எழுந்து புல் தின்றதாம். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. ஆனால் 1622-ல் திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது நடந்த கதை. அந்தப் பயத்திலிருந்துதான் இந்த நந்தியும் எழுந்திருக்கவேண்டும்.

கோயிலைப் பார்ப்பவர்கள் வண்ணக்கர்மார். அந்த உரிமை குடிவழி வருவது. குடி என்றது வம்சத்தை; அது தாய்வழி வருவது. வீடுவளவும் மகளுக்கே சீதனம். மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். திருவிழாவுக்குப் போனால் தேர்வடம் தொடுமுன் யாராவது ஒரு கிழவி உங்களை மறிப்பார். "ஆருட பிள்ளை மனே?" அப்பா பெயரைச் சொல்லிப் பாருங்கள், தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வி வரும்: "அது சரி மனே, அம்மா எந்தக் குடி?"