கிணற்றைக் காப்பது யார் கடமை?

(இலுப்பைக்கடவைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மன்னார் நகரத்துக் கிணறுகளைப் பற்றி இலுப்பைக்கடவையில் ஏன் பேசுகிறோம் என்று சிலர் வியக்கலாம். மலேரியா எல்லைக்கல் பார்த்து நிற்பதில்லை என்பதே காரணம்.

1934, 1935ஆம் ஆண்டுகளில் இந்நோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களை உண்டது. பெருமுயற்சியால் 1963இல் நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. வென்றுவிட்டோம் என்று காவலைத் தளர்த்தினர். 1969இல் அத்தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று. மீண்டும் நெடுங்காலம் போராடி, மலேரியா அற்ற நாடு என்னும் சான்றை 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோம். அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு காணப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இவ்விரண்டையும் இணைக்கும் பாதையிலன்றோ நம் ஊர் இருக்கிறது!

இது கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் பெருகும் நகரத்து நுளம்பு. சென்னை இதனை நெடுங்காலமாக அறியும். ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் இது காணப்பட்ட 2012இல் மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் 73,000க்கு மேல்.

பரிகாரம் அரிதன்று. கிணற்றை மூடலாம், நுளம்புக் குடம்பியைத் தின்னும் மீனை விடலாம். ஆனால், வீடுதோறும் சென்று பார்க்க ஆள் வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய வளவுக்குள் பாழடைந்து கிடக்கும் கிணற்றை எவர் பார்ப்பார்?

1939ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் பொதுச் சுகாதாரத்தை உள்ளூர்ச் சபையின் பொறுப்பில் வைத்தன. பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ மாகாணத்தின் கீழ். மலேரியாத் தடை இயக்கத்தின் தலைமையோ கொழும்பில். கடமை ஓரிடம், ஆள் ஓரிடம், பணம் ஓரிடம்! இவற்றை இணைக்கக்கூடிய வட மாகாணசபையோ, 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் பல்லாண்டு தேர்தலின்றிக் கிடந்தது. 2023இல் நடந்திருக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும் 2025 மே மாதத்திலேயே நடந்தது. கேள்வி கேட்க மக்களுக்கு வாய்ப்பில்லாத இடத்தில் காவல் எவ்வாறு நிலைக்கும்?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வட்டாரந்தோறும் கிணறுகளுக்குப் பதிவேடு வேண்டும். உரிமையாளர் இல்லாத வளவுக்குள் முறைப்படி அறிவித்தல் ஒட்டி நுழைந்து கிணற்றைப் பரிசோதிக்கவேண்டும். சபையும் சுகாதார வைத்திய அதிகாரியும் மாதம் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து, பார்த்த கிணறு எத்தனை, பாராதது எத்தனை என்று மக்களுக்கு அறிவிக்கவேண்டும்.

உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் அங்கே எத்தனை கிணறு உண்டென்று நாளையே கேளுங்கள். விடை தெரியாதவர் எண்ணத் தொடங்கட்டும்!