தட்டு ஆடி அடங்கும்வரை

இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் தங்கள் மனத்தைத் தொட்ட நூல்களைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒரு கொப்பியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் ஒரு வசனம்கூடக் கிடையாது. இடப்பக்கம் திகதி, வலப்பக்கம் ஓர் இலக்கம். 2018 ஐப்பசியில் தொடங்கி நாலு வருடத்துக்கு மேல் ஒரு நாளும் விடாமல் நான் எழுதியது. காலையில் எழுந்து, வெறும் வயிற்றோடு நிறை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, கண்டதைக் குறித்து வைத்தேன்.

நான் பிறந்தது புங்குடுதீவு மடத்துவெளியில். எங்கள் ஊரவர் பலரைப்போல அப்பாவும் கொழும்பிலே கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல் இருத்திவிடுவார்கள். என் கண் மட்டத்தில் தொங்கியது தட்டுத் தராசு. இறாத்தல் கணக்கில் விற்ற காலம் முடிந்து கிலோ வந்துகொண்டிருந்த நேரம் அது. பாணுக்கு மாத்திரம் இறாத்தல் என்ற சொல் இன்றுவரை நிலைத்துவிட்டது. நிறுக்க ஆசைப்பட்டு ஒரு நாள் பருப்பைத் தட்டில் போட்டவுடனேயே எடுக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். "தட்டு ஆடி அடங்கட்டும். ஆடேக்கை பாத்தால் உனக்கும் நட்டம், வாங்கிறவனுக்கும் நட்டம்" என்றார்.

அந்தக் கடை 1983 ஆடியில் எரிந்தது. அப்பா ஊருக்கு வந்து மேலும் ஐந்து வருடம் இருந்து காலமானார். நான் 1990இல் பிரான்சுக்கு வந்தேன்.

சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை, இரவு பன்னிரண்டு மணிக்குச் சோறு, பனிக்காலத்தில் வெளியே நடமாட்டமில்லை. இருபத்தைந்து வருடத்தில் நான் 128 கிலோ ஆனேன். நீரிழிவு வந்தது. குளிசை போய் ஊசி வந்தது. மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் நின்று, யாரோடோ தொலைபேசியில் பேசுவதுபோலப் பாவனை செய்யும் பழக்கமும் வந்தது. கடைசியில் வைத்தியர்கள் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திர சிகிச்சை செய்யலாம் என்றார்கள். ஒருவர் அல்ல, சத்திர சிகிச்சை நிபுணர், உணவியலாளர், உளவியலாளர் என்று பலர் பார்த்து, மாதக் கணக்கில் ஆயத்தம் செய்த பிறகுதான் கத்தி வைத்தார்கள்.

எனக்குச் செய்த முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நெடுக்காக வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவான குழாய். வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் சுரப்பொன்று பெருமளவில் உண்டாகிறது. அதனால் கொள்ளளவு குறைவதோடு பசியும் சில காலம் அடங்கிப்போகிறது. ஔவையார் தம் வயிற்றோடு சண்டை பிடித்தது நேயர்களுக்குத் தெரியும். ஒரு நாள் சும்மா இரு என்றாலும் இருக்க மாட்டாய், இரண்டு நாளுக்கு வேண்டியதை இன்றே வாங்கிக்கொள் என்றாலும் வாங்க மாட்டாய் என்று முறைப்பட்டார். என் வயிறு அந்த முறைப்பாட்டின் முதற்பாதியைத் தீர்த்துவிட்டது. இரண்டாம் பாதியை இன்னும் கடுமையாக்கிவிட்டது. நாலாவது கரண்டிக்கே கதவை அடித்துச் சாத்தும்.

முதல் ஆறு மாதம் நிறை வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த நாட்களில் தினமும் ஏறிப் பார்ப்பது தேர்த்திருவிழாவுக்குப் போவதுபோல. 128, 121, 115. ஊசி நின்றது. வேட்டி இடுப்பில் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியது. உணவியலாளர் கிழமைக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றார். ஓம் என்றேன். அந்த ஓம் பொய். மூன்றாம் மாதம் தொடக்கம் காலை, வேலைக்குப் போகுமுன், படுக்குமுன் என்று மூன்று தடவை ஏறினேன். கொப்பியில் காலை இலக்கத்தை மட்டும் எழுதினேன், அதுதான் குறைவு என்பதற்காக. கடைக்காரன் மகனுக்கு இது கள்ள நிறை என்று தெரியாமலில்லை.

பிறகு ஏழாம் மாதம். இலக்கம் 96இல் நின்றது. இருபத்தொரு நாள் அசையவில்லை. இது எல்லோருக்கும் வருவதென்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் நான் கருவியைச் சுமந்து திரிந்தேன். குளியலறை ஓட்டில் வைத்தேன், குசினியில் வைத்தேன், மரத் தரையில் வைத்தேன். ஒரு மூலையில் அரைக் கிலோ குறைத்துக் காட்டியது. அந்த மூலையே அதன் இருப்பிடமாயிற்று.

அந்த நாட்களில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற இடத்தில், மூன்று கண்ணாடிக் குடுவைக்குள், பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஒரு சிறு உருளை இருக்கிறது. 1889 தொடக்கம் உலகத்தின் கிலோ அதுதான். நம் ஊர்ச் சங்கக் கடைப் படிக்கல்லுக்கும் அதுவே பாட்டன். அதை வெளியே எடுத்து நிறுத்த தடவைகளை விரல்விட்டு எண்ணலாம். அப்படி நிறுத்தபோது தெரிந்தது, நூறு வருடத்தில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையில் ஏறக்குறைய ஐம்பது மைக்கிரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டதென்று. ஒரு விரல் ரேகைப் பதிவின் பாரம். அதற்காகவே 2019 மே 20ஆம் திகதி அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்து, மாறாத ஓர் இயற்கை எண்ணைக்கொண்டு கிலோவை வரையறுத்தார்கள். செய்தியை வானொலியில் கேட்டபோது நான் கருவியின்மேல் நின்றுகொண்டிருந்தேன். கிலோ மாறிவிட்டது, என் 96 மாறவில்லை!

மனிதன் தராசில் ஏறுவது புதிதல்ல. புறாவுக்காகத் துலாத்தட்டில் ஏறிய சிபியைச் சோழரின் முன்னோன் என்று புறநானூறு பேசுகிறது. முதலாம் இராசராசன் துலாபாரம் புகுந்ததைத் திருவிசலூர்க் கல்வெட்டுச் சொல்கிறது. மொகலாயர் ஜஹாங்கீர் ஆண்டுக்கு இரு தடவை பொன்னுக்கும் வெள்ளிக்கும் எதிரே நிறுக்கப்பட்டார். 1936இல் பம்பாயில் ஆகா கானைப் பொன்னால் நிறுத்தார்கள், 1946இல் வைரத்தால். இவர்களில் யாரும் ஒரு கிலோ குறையவேண்டுமென்று நேர்ந்திருக்க மாட்டார்கள். பாரம் கூடக் கூடப் புண்ணியம், கூடக் கூடப் புகழ்.

என்னைப் போன்றவர்களின் முன்னோடி இத்தாலியில் பாதுவா நகரத்து வைத்தியர் சந்தோரியோ. ஒரு நிறைகோலில் கதிரையைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலேயிருந்து உண்டு, ஏறத்தாழ முப்பது வருடம் தன்னைத்தானே நிறுத்தவர். அளவு நிறைந்ததும் கதிரை தாழ்ந்துவிடும், சாப்பாடு கைக்கு எட்டாது. 1614இல் அவர் எழுதிய நூலில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. உண்பதும் குடிப்பதும் எட்டு இறாத்தல் என்றால், அதில் ஐந்து இறாத்தலளவு கண்ணுக்குத் தெரியாமல் மூச்சாகவும் வியர்வையாகவும் போய்விடுகிறது. முப்பது வருடம் நிறுத்து அவர் கண்டது, காலை இலக்கத்துக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் தண்ணீர் என்பதைத்தான்.

இதை எனக்குப் புரியவைக்க உணவியலாளருக்கு ஒரு வருடம் எடுத்தது. ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர ஏழாயிரம் கலோரிக்கு மேல் மிகுதியாக உண்ண வேண்டும். என் வாழைப்பழ வயிற்றுக்குள் ஓர் இரவில் அது போகாது. அப்படியானால் நேற்றிலிருந்து இன்று கூடிய 800 கிராம் என்ன? கருவாட்டுக் குழம்பின் உப்புப் பிடித்து வைத்திருக்கும் நீர், குடலில் இருப்பது, இரவில் குடித்த மூன்று தம்ளர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. புங்குடுதீவானுக்கு இதை வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. உவர் நிலத்தில் நன்னீர்க் கிணறு தேடிப் போய்க் குடத்தில் சுமந்தவர்கள் எங்கள் பெண்கள். அந்தக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் அள்ள வேண்டும் என்றுதானே எங்களூர் எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல் முன்னின்று, பொலிசாரிடம் அடியும் வாங்கினார். தண்ணீரின் பாரம் தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, தண்ணீரைக் கொழுப்பென்று எண்ணி அழுதவன் நான்.

தினமும் நிறை பார்ப்பது முழுத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1994 தொடக்கம், நிறையைக் குறைத்துப் பல காலம் காப்பாற்றியவர்களின் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கிழமைக்கு ஒரு தடவையாவது நிறை பார்ப்பவர்கள். சத்திர சிகிச்சைக்குப் பின் ஒன்று, ஒன்றரை வருடத்தில் அடிமட்டத்தைத் தொட்ட நிறை மெல்ல மேலே வருவது வழமை. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது எங்கே போய் நிற்குமென்று சொல்ல முடியாது. கருவியை யன்னலால் எறி என்று புத்தி சொல்லும் நண்பர்கள், திரும்பவும் 128க்குப் போய்விடுவேனோ என்ற பயத்தோடு ஒரு நாளும் நித்திரைக்குப் போகாதவர்கள்.

ஆனால் கொப்பியில் ஒரு பக்கம் இருக்கிறது.

அம்மாவுக்கு நான் சத்திர சிகிச்சையைப் பற்றிச் சொல்லவேயில்லை. 1991இல் தீவை விட்டு ஓடி யாழ்ப்பாணத்தில் இருந்தவர். 1995 ஒக்ரோபரில் அங்கிருந்தும் நடந்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் கோதுமை மா ரொட்டி ஒன்றை நாலாக்கி, மூன்றைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, நாலாவதை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்காமல் விட்டவர். அவரிடம் போய், உன் மகன் சாப்பாடு கூடிப்போய் இரைப்பையை வெட்டுவித்தான் என்று எந்த வாயால் சொல்வது? தங்கச்சியின் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்வி. "ஏன் ராசா இப்பிடி மெலிஞ்சு போனாய்? என்ன வருத்தம் எண்டு என்னட்டை சொல்லு." எங்கள் பக்கத்தில் மெலிவு என்றால் நோய், இல்லாவிட்டால் பஞ்சம், இல்லாவிட்டால் துக்கம். நான் ஒன்றுமில்லை, வேலை கூட என்று சமாளித்தேன். அவர் நம்பவில்லை. மகனுக்குப் புற்றுநோய் என்றும் அதை எல்லோரும் தனக்கு மறைக்கிறார்கள் என்றும் முடிவுகட்டி, மடத்துவெளி வயலூர் முருகனுக்கு என் பெயரில் நேர்த்தி வைத்தார் என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது.

2020 ஆனியில் ஒரு விடியற்காலை தங்கச்சி எடுத்தாள். அம்மா நித்திரையிலேயே போய்விட்டார். கொரோனாவால் விமான நிலையம் பூட்டிக் கிடந்த காலம், போக வழியில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு நான் குளியலறைக்குப் போனேன். முகம் கழுவப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். கால்கள் அந்த மூலைக்குப் போயின. ஏறினேன். 86.4. அதுவரை கண்டவற்றில் அதுதான் ஆகக் குறைவு. மனத்தின் எங்கோ ஓரிடத்தில் ஒரு கணம் ஒரு சந்தோஷம் எழும்பியது. கொப்பியை எடுத்து எழுதினேன். அதன்பிறகுதான் அழுதேன். அந்தத் திகதிக்கு நேரே இன்றும் இருப்பது 86.4 மட்டும்தான்.

2023இல் ஊருக்குப் போனேன். வாணர் தாம்போதியைத் தாண்டி வான் போகும்போதே, வீட்டில் நிறை பார்க்கும் கருவி இருக்குமோ என்ற யோசனை. இருக்கவில்லை. முதல் மூன்று நாள் கை நடுங்காத குறை. நாலாம் நாள் தங்கச்சியின் மருமகள் கைக்குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள், நானும் கூடப் போனேன். குழந்தையை நிறுத்து அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். போன மாதத்தைவிட 300 கிராம் கூட. தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்திலிருந்த இன்னொரு தாயின் குழந்தைக்குக் கூடவில்லை. அவள் அட்டையை மடித்துச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். 1973 தொடக்கம் இந்த நாட்டில் திரிபோஷா மாப் பைக்கற் கொடுத்து வருவது அப்படியான அட்டைகளுக்காகத்தான். நான் என் கொப்பியை மறைப்பதும் அவள் அட்டையை மறைப்பதும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனாலும் அன்று அவளை நேரே பார்க்க முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் கடையொன்றில் அரிசி மூட்டை நிறுக்கும் பெரிய தராசைக் கண்டேன். வெட்கத்தை விட்டு ஏறினேன். 91 காட்டியது. இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். சட்டைப் பையிலிருந்த தொலைபேசியை வெளியே வைத்துவிட்டு மூன்றாம் தரமும் ஏறப் போக, கடைக்காரப் பெடியன் சொன்னான்: "அண்ணை, ஒருக்கா ஏறினாக் காணும். மூட்டையையே நாங்கள் மூண்டு தரம் நிறுக்கிறேல்லை."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலை தங்கச்சிக்கு எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்றில் உள்ள ஐந்து சிறு தழும்பையும் காட்டினேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். "அம்மாட்டைச் சொல்லியிருந்தால் நேர்த்தியை மாத்தி வைச்சிருப்பா" என்றாள். அம்மா வைத்த நேர்த்தியை அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நிறைவேற்றினோம். புற்றுநோய் மாறியதற்காக என்று சொல்லாமல், மகன் சுகமாயிருக்கிறான் என்று ஐயரிடம் சொன்னோம்.

இப்போது சனிக்கிழமைகளில் மட்டும் ஏறுகிறேன். வெள்ளி இரவில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் குடிக்கும் கள்ளம் இன்னும் விடவில்லை. போன கிழமை தங்கச்சி அனுப்பிய ஒடியல் மாவில் கூழ் காய்ச்சி, என் அளவில் ஒரு சிரட்டை குடித்தேன். அடுத்த நாள் சனி. இலக்கம் ஆடி அடங்கும்வரை நின்றேன். 91.7.