இடம்பெயரும் முன்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து முஸ்லிம்களுக்கு வெளியூர்ப் பிழைப்பு புதிதன்று. லெப்பைக்குடிக்காடும் வி.களத்தூரும் வளைகுடாச் சம்பாத்தியத்தால் வீடு கட்டிய ஊர்கள். அன்று ஆண்மகன் மட்டும் பயணம் போனான். குடும்பம் ஊரில் இருந்தது, ஜமாஅத்தின் கண்முன்னே இருந்தது. இன்றைய நிலை வேறு. சென்னையில் மனைவி மக்களோடு குடியேறி, பிள்ளைகளையும் அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்ட நம் இளைஞர்கள் சிலர், "பெங்களூருக்கு மாறிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். கம்பெனி அழைக்கிறது, சம்பளம் கூடுகிறது. இது அவரவர் வீட்டு விஷயம், இதில் ஜமாஅத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஒரு பெரிய ஊரை விட்டு இன்னொரு பெரிய ஊருக்கு மாறுவது பற்றிப் பேசுவதற்கு நம்மைவிட உரிமையுள்ளவர்கள் இல்லை. ஜெயங்கொண்டம் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். தந்தை ராஜராஜன் பெருநகராக வளர்த்த தஞ்சாவூரை விட்டு, கொள்ளிடத்திற்கு வடக்கே ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழன் அமைத்த தலைநகரம் அது. அங்கே சோழகங்கம் என்னும் பேரேரியையும் அவர் வெட்டினார். பொன்னேரி என்று நாம் இன்று அழைப்பது அதைத்தான். மாளிகை கட்டினால் மட்டும் ஊர் ஆகாது, தண்ணீர் வேண்டும் என்பது அந்த மன்னருக்குத் தெரிந்திருந்தது. ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு அந்நகரம் தலைநகராக நின்றது. 1279இல் சோழர் ஆட்சி முடிந்தபின், அரண்மனை இருந்த மாளிகைமேடு தோண்டிப் பார்த்து அறியவேண்டிய இடமாகிவிட்டது. 1836இல் அணைக்கரையில் கீழணை கட்டுவதற்கு அக்கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துச் சென்றார்கள். அவர் விட்டுவந்த தஞ்சாவூரோ இன்று மாநகராட்சி!

அந்தக் கீழணையில் பிரியும் கொள்ளிடத்து நீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிச் சென்னையைச் சேருகிறது. நம் பிள்ளைகள் சென்னையில் குடிக்கும் தண்ணீரில் நம் ஊர் ஆறும் இருக்கிறது. அப்படியிருந்தும் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. சரி, பெங்களூருக்குப் போனால் தப்பலாமா? அங்கும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்படுகிறது. 2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, அந்நகரத்தார் லாரிக்குக் காத்திருந்தார்கள். ஆகவே வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்குமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

துக்ளக் என்றாலே நாம் சிரிக்கிறோம். டெல்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக் 1327இல் தேவகிரிக்குத் தௌலதாபாத் என்று பெயரிட்டுத் தலைநகராக்கியதன் நோக்கம் பைத்தியக்காரத்தனமன்று. பரந்த ராஜ்ஜியத்தின் தெற்குப் பகுதியை அருகிலிருந்து ஆள விரும்பினார். அமீர்களும் உலமாக்களும் சூஃபிப் பெரியார்களும் குடும்பத்தோடு பெயர்க்கப்பட்டார்கள். போகச் சொன்னவர் சுல்தான், நடந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் தலைநகரம் டெல்லிக்கே திரும்பியது.

1983இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தலைநகரைச் சென்னையிலிருந்து திருச்சிக்கு மாற்ற எண்ணியதும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மாநிலத்தின் நடுவில் இருக்கிறது, காவிரி இருக்கிறது என்பதே காரணம். அன்று நாமும் திருச்சி மாவட்டம்தான். தலைநகர் மாவட்டத்தார் ஆகப்போகிறோம் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. எதிர்ப்பு எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது.

இவற்றையெல்லாம் விட நமக்குப் பெரிய முன்மாதிரி ஹிஜ்ரத். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் 622இல் புறப்பட்டார்கள். அதற்கு முன்னரே, முதல் அகபா உடன்படிக்கையை அடுத்து முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை அங்கே அனுப்பி, மார்க்கத்தைக் கற்பிக்கச் செய்தார்கள். போய்ச் சேர்ந்ததும் பள்ளிவாசல் எழுந்தது. முஹாஜிர்களுக்கும் அன்ஸார்களுக்கும் சகோதரத்துவ உறவு ஏற்படுத்தப்பட்டது. புதிய ஊரின் காய்ச்சலில் அபூபக்கர் (ரலி), பிலால் (ரலி) போன்றவர்களே படுத்துவிட்டார்கள் என்றால், இடமாற்றம் உடலுக்கும் மனத்திற்கும் எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

630இல் மக்கா வெற்றி கிடைத்தது. பிறந்த ஊர், கஅபா இருக்கும் ஊர், இப்போது கையில் இருக்கிறது. இனிப் பெருமானார் (ஸல்) அவர்கள் இங்கேயே தங்கிவிடுவார்களோ என்று அன்ஸார்கள் கலங்கினார்கள். வாழ்வும் மரணமும் உங்களோடுதான் என்ற கருத்தில் ஆறுதல் கூறி, மதீனாவுக்கே திரும்பினார்கள். ஆதரித்தவர்களுக்குத் தரும் வாக்கு எவ்வளவு கனமானது என்பதை நம் இளைஞர்கள் இங்கே கவனிக்க வேண்டும். சென்னையில் உங்கள் குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது இரவில் கதவைத் தட்டி வந்த பக்கத்து வீட்டாருக்குச் சம்பளக் கணக்கில் இடம் உண்டா?

என் அபிப்பிராயம் இது. கணவர் முதலில் தனியே போய் ஆறு மாதம் இருந்து பார்க்கட்டும். பெங்களூரில் பெரும்பாலான பள்ளிவாசல்களில் ஜும்ஆ பயான் உர்துவில். மக்தபிலும் அதே மொழி. நம் பிள்ளைகளுக்கு அது அயல்மொழி. தமிழ் முஸ்லிம்கள் கூடும் பள்ளி எங்கே என்று விசாரித்துவிட்டு வீடு தேடுங்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குள்ள பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம். சில ஆண்டு கழித்துத் திரும்பினால், இங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம். ஆறாம் வகுப்பில் போய்ப் பத்தாம் வகுப்பில் திரும்பும் பிள்ளை இரண்டு மொழியிலும் தடுமாறும். மனைவியின் கருத்தைக் கேளாமல் முடிவெடுக்காதீர்கள். ஹுதைபிய்யாவில் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையைப் பெருமானாரே (ஸல்) ஏற்றிருக்க, நமக்கு என்ன தயக்கம்? மஷ்வரா செய்தபின் இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுங்கள்.

இனி ஜமாஅத்தின் வேலை. பத்தாண்டு சென்னை, பத்தாண்டு பெங்களூர் என்று இருந்த குடும்பத்தில் பெண்ணுக்கு நிக்காஹ் வரும்போது, அங்குள்ள மஹல்லாவுக்கு அவர்களைத் தெரியாது. ஜமாஅத் கடிதம் கேட்டு இங்கே வருகிறார்கள். இங்கே உள்ள புதிய நிர்வாகிகளுக்கும் அவர்களைத் தெரியாது. இரண்டு இடத்திலும் பெயர் இல்லாமல் அந்தப் பெண்ணின் தந்தை அலைகிறார். வெளியூரில் மவ்த் நேர்ந்தால் எந்தக் கபர்ஸ்தானில் இடம் கிடைக்கும் என்ற கேள்வியும் அந்த இரவில்தான் எழுகிறது.

ஆகவே வெளியூரில் வாழும் குடும்பங்களுக்குத் தனிப் பதிவேடு ஒன்றை நிர்வாகம் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் மாறும் குடும்பத்தார், புறப்படுமுன் புதிய முகவரியையும், சேரவிருக்கும் மஹல்லாவின் பெயரையும் அதில் எழுதிக் கையொப்பமிடட்டும். அந்த மஹல்லாவுக்கு நம் செயலாளர் அறிமுகக் கடிதம் கொடுக்கட்டும். ஊர்ச் சந்தாவையும் ஆண்டுக்கொருமுறை நேரில் வந்து, பிள்ளைகளையும் அழைத்து வந்து செலுத்தட்டும்.