உங்களுக்கு நீங்களே பேர் போடுங்கள்

(தோட்ட மகளிர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டு, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு மூட்டவும் வேண்டும். ஆகவே நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வாசனை மெழுகுதிரி, வாசனைச் சவர்க்காரம், குளிக்கிற உப்பு இவற்றை வீட்டிலே செய்து விற்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். விற்கலாம். செய்யும் முறையை இரண்டு நாளில் பழகிக்கொள்ளலாம். ஆனால் விற்ற பிறகு கையில் ஏதாவது மிஞ்சுமா என்பது வேறு கதை. இன்றைக்கு முக்கியமாக அதைத்தான் பேசப்போகிறேன்.

ஒரு தோட்டத்தில் ஒரு தங்கச்சி நத்தாருக்கு வாசனை மெழுகுதிரி வார்த்தாள். கண்ணாடிக் கோப்பையில் அழகாக வார்த்து, ரிப்பன் கட்டி, ஒன்று 350 ரூபாவுக்கு விற்றாள். எல்லாம் விற்றுப் போயிற்று. "மிஸ், எல்லாம் முடிஞ்சிருச்சு, ஆனா கையில காசத்தான் காணோம். யாரும் எடுத்திருப்பாங்களோ?" என்று கண் கலங்கிக் கேட்டாள். யாரும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். விலைகள் கணக்குக்காகச் சொல்பவைதான். நீங்கள் உங்கள் டவுன் கடையில் விசாரித்து, அந்த விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோ மெழுகு 900 ரூபா. அதற்கு 60 கிராம் வாசனை எண்ணெய் 900 ரூபா. பத்துத் திரி 150. பத்துக் கண்ணாடிக் கோப்பை 1,000. லேபலும் பையும் 200. காஸ் 150. டவுனுக்குப் போய் வர பஸ் காசு 200. மொத்தம் 3,500 ரூபா. இதில் கோப்பைக்கு 100 கிராம் வீதம் பத்து மெழுகுதிரி வரும். பத்தையும் 350 ரூபாவுக்கு விற்றால் 3,500. போட்ட காசு அப்படியே திரும்பி வந்தது, அவ்வளவுதான். அவள் நாலு மணித்தியாலம் நின்று உருக்கி வார்த்த வேலைக்கு ஒரு சதமும் இல்லை.

அம்மாமார்களே, கொழுந்து நிறுக்கிற இடத்தில் இரண்டு கிலோ கூடக் கழித்தால் நாம் சும்மா இருக்கிறோமா? முழுப்பேர் போட வேண்டிய இடத்தில் அரைப்பேர் போட்டால் விடுகிறோமா? தலைவரைக் கூப்பிடுகிறோம், ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறோம். ஆனால் வீட்டில் மெழுகுதிரி வார்க்கிறபோது நமக்கு நாமே பேரே போட்டுக்கொள்வதில்லை. "சும்மா இருக்கிற நேரத்திலதானே செய்றேன்" என்கிறோம். தோட்டத்துப் பொம்பிளைக்குச் சும்மா இருக்கிற நேரம் எங்கே இருக்கிறது?

ஆகவே பேர் போடுங்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதையே அளவாக எடுத்து எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால், மணிக்கு ஏறக்குறைய 170 ரூபா. நாலு மணிக்கு 680. சம்பளம் கூடினால் இந்தக் கணக்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது மொத்தச் செலவு 4,180 ரூபா. பத்தில் ஒன்றை நாமே எரித்துச் சோதிக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மிச்சம் ஒன்பது. ஒன்றின் அடக்க விலை ஏறக்குறைய 465 ரூபா. கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் நூற்றுக்கு 25 எடுத்துக்கொள்வார் என்று வையுங்கள். அப்போது 620 ரூபாவுக்குக் குறைத்து விற்றால் நட்டம். அந்தத் தங்கச்சி விற்றது 350க்கு!

"அந்த விலைக்கு லயத்தில யார் மிஸ் வாங்குவாங்க?" என்று கேட்பீர்கள். லயத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். வாசனை மெழுகுதிரி லயத்துக்கு உள்ள சாமான் அல்ல. நம் ஆட்களுக்கு வேண்டியது கரண்ட் போனால் கொளுத்துகிற வெள்ளை மெழுகுதிரி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, ஞாபகம் இருக்கும். ஆனால் அந்த வெள்ளை மெழுகுதிரியில் பெரிய கம்பெனிகளோடு நாம் விலைக்குப் போட்டி போட முடியாது. வாசனைச் சாமான் போக வேண்டிய இடம் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள், எல்ல பக்கம் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், ஹோட்டல்கள், விருந்தினர் விடுதிகள், பெரிய ரோட்டில் இருக்கிற தேயிலை விற்பனைக் கடைகள். அவர்கள் இரண்டு விஷயம் கேட்பார்கள். போன மாதம் தந்த அதே வாசனை, அதே நிறை. ஆகவே கண்மட்டத்தில் கலக்கிற பழக்கம் உதவாது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள்.

இனி செய்யும் முறைக்கு வருவோம்.

மெழுகை நேரே அடுப்பில் வைக்கவே கூடாது. பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சிறிய பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். பரபின் மெழுகு 60 பாகை சுற்றிலேயே உருகிவிடும். தண்ணீர்ச் சட்டியில் வைத்தால் நூறு பாகையைத் தாண்டாது. நேரே நெருப்பில் வைத்து மறந்துவிட்டால் சூடு ஏறி, மெழுகுப் புகையே தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் எரிகிற மெழுகு தெறித்து முகத்தில் அடிக்கும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

உருகிய மெழுகை இறக்கி, கிலோவுக்கு 60 கிராம் வாசனை எண்ணெய் கலந்து வார்க்க வேண்டும். கூடப் போட்டால் வாசம் கூடாது, எண்ணெய் வியர்த்து நிற்கும். நம் மலைக் குளிருக்குக் கோப்பையை முதலில் வெந்நீரில் சூடாக்கி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மெழுகு கண்ணாடியை விட்டு விலகும். ஆறும்போது திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். கொஞ்சம் மெழுகு மிச்சம் வைத்து அதை நிரப்புங்கள்.

எந்த வாசனை? நமக்குப் பக்கத்திலேயே இருப்பது சிட்ரனெல்லா. சிங்களத்தில் பெங்கிரி எண்ணெய் என்பார்கள். மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் வடிக்கிற எண்ணெய். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மண் தேற நாம் நடுகிறோமே மானாப்புல், அதற்குச் சொந்தக்காரப் புல்தான். அதற்காக மானாவை வெட்டி அவித்து, அந்தத் தண்ணீரை மெழுகில் ஊற்றிவிடாதீர்கள். எண்ணெய் எடுக்க ஆவியில் வடிக்க வேண்டும். மெழுகில் தண்ணீர் சேர்ந்தால் திரி படபடவென்று வெடித்து அணையும்.

தையல் நூல் திரிக்கு உதவாது. பின்னிய பருத்தித் திரி வேண்டும். கோப்பை அகலமானால் திரியும் தடிக்க வேண்டும். இதற்காகத்தான் பத்தில் ஒன்றை எரித்துப் பார்க்கச் சொன்னேன். திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிக் கொளுத்தி, இரண்டு மூன்று மணித்தியாலம் பக்கத்திலிருந்து பாருங்கள். புகை கக்கினால், கோப்பை தொட முடியாமல் சுட்டால், அந்த வார்ப்பு விற்பனைக்கு இல்லை. திரும்ப உருக்குங்கள். பிளாஸ்டிக் கோப்பை கூடவே கூடாது. சிரட்டை அழகுதான், ஆனால் சிரட்டையும் எரியும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது சவர்க்காரம். இங்கே கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் கோஸ்டிக் சோடா கையையும் கண்ணையும் எரித்துவிடும். அளவு இது: தேங்காயெண்ணெய் 500 கிராம், கோஸ்டிக் சோடா 80 கிராம், தண்ணீர் 200 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுக்க வேண்டும், தண்ணீரையும் கூட. சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம். நம் லயத்துக் குசினியில் பாதிச் சட்டி அலுமினியம்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். சோடா அலுமினியத்தைத் தின்னும், தீப்பற்றுகிற வாயுவும் கிளம்பும். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், அதைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் நின்று செய்யுங்கள். மேலே பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காலையில் தேங்காயெண்ணெய் உறைந்திருக்கும், இளக்கிக்கொள்ளுங்கள். சோடாத் தண்ணீரும் எண்ணெயும் கைச்சூட்டுக்கு ஆறியபின் சேர்த்து, தோசை மாப் பதம் வரும்வரை கலக்கி அச்சில் ஊற்ற வேண்டும். இறுகியதும் அன்றைக்கே வெட்டுங்கள். பிந்தினால் கல்லாகி உடையும். பிறகு நாலு கிழமை காற்றில் காய வேண்டும். காய்ந்ததும் நூறு கிராம் கட்டி ஏழு வரும். தேயிலைத்தூளை மாவாக இடித்து ஒரு கரண்டி சேர்த்தால் தோட்டத்துச் சவர்க்காரம் என்று சொல்லி விற்கலாம். தூள் நம் வீட்டுத் தூளாக இருக்கட்டும், தொழிற்சாலையிலிருந்து மடியில் கட்டி வருவது வேண்டாம். கறுவா எண்ணெயைச் சவர்க்காரத்திலோ குளிக்கிற உப்பிலோ போடாதீர்கள், தோல் எரியும். "சொறி சிரங்கு தீரும்" என்று லேபலில் எழுதவும் வேண்டாம். நாம் விற்பது மருந்து அல்ல. என்னென்ன போட்டோம், எத்தனை கிராம், செய்த திகதி, விலை, செய்த சங்கத்தின் பெயர், இவற்றை எழுதுங்கள்.

எங்கே வைத்துச் செய்வது? லயத்துக் காம்பராவில் வேண்டாம். நமக்குக் கூரை ஒன்று, சுவர் மட்டும்தான் தனித்தனி. ஒரு வீட்டில் பற்றினால் வரிசை முழுக்கப் போய்விடும். பிள்ளைகளும் அதே காம்பராவில்தான் தவழ்கிறார்கள். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமையில் இந்த மண்டபத்தைப் பாவியுங்கள். துரையிடம் கடிதம் கொடுக்க நானும் வருகிறேன். கோஸ்டிக் சோடாவைச் சோடாப் போத்தலில், தண்ணீர்ப் போத்தலில் ஒருக்காலும் ஊற்றி வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. அந்தத் தங்கச்சி முதலுக்கு நுண்கடன் எடுத்திருந்தாள். நன்றாகக் கேளுங்கள்: சவர்க்காரம் காய நாலு கிழமை, கடைக்காரர் காசு தர இன்னும் நாலு கிழமை. கடன்காரரோ கிழமைக்குக் கிழமை வாசலில். சாமான் விற்கும் முன்னமே எட்டுத் தவணை வந்துவிடும். அந்தத் தவணையைக் கட்டத்தான் அவள் வந்த விலைக்கு விற்றாள். பிறகு தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்தாள். ஆகவே கடன் எடுத்து இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஐந்து பேர் ஆளுக்கு 700 ரூபா போட்டால் 3,500 ரூபா, ஒரு கிலோ மெழுகுக்குப் போதும். அது விற்று வந்த காசில் அடுத்த கிலோ. நத்தாருக்குச் சவர்க்காரம் வேண்டுமானால் நவம்பர் நடுவுக்கு முன் அச்சில் ஊற்றியாக வேண்டும். வியாபாரம் நிலைத்தால் பிரதேச செயலகத்தில் பெயர் பதிவு செய்யலாம். அதற்கு வேண்டிய கடுதாசிகளை நான் எழுதித் தருகிறேன்.

அந்தத் தங்கச்சி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். இப்போது நாலு பேரோடு சேர்ந்து செய்கிறாள். விலை 650 ரூபா. முன்னைவிடக் குறைவாகத்தான் விற்கிறது. ஆனால் விற்கிற ஒவ்வொன்றிலும் அவர்களின் கூலி இருக்கிறது. கொப்பியில் ஐந்து பேருக்கும் தனித்தனிக் கோடு போட்டு, யார் எத்தனை மணித்தியாலம் நின்றார்கள் என்று எழுதுகிறார்கள். ஒரு நாள் எனக்குக் காட்டி, "பாருங்க மிஸ், எங்க செக்ரோல்" என்றாள். தோட்டையும் போன மாதம் மீட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போய் நீங்களும் ஒரு கொப்பி எடுங்கள். முதல் பக்கத்தில் மெழுகின் விலையை எழுதும் முன் உங்கள் பேரை எழுதுங்கள். அடுத்த ஞாயிறு தராசோடு நான் வருகிறேன்.