நீரும் ஒளியும்: கணினி வரையும் நீச்சல் குளம்



கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு தீட்டிய தெய்வத் திருவுருவங்கள் சிவகாசி அச்சகங்களில் நாள்காட்டிகளாக அச்சேறித் தமிழகத்து வீட்டுச் சுவர்களை நிறைத்தன. அத்தகைய படங்களில் திருமகள் நிற்கும் தாமரைக் குளத்து நீர் மெய்ந்நீர் போலுள்ளதா என்று எவரும் ஆராய்ந்ததில்லை. அக்குளத்தை விலைக்குக் கேட்டவரும் இல்லை. இன்றோ, அடித்தளமே இடப்படாத அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்ளரங்க நீச்சல் குளத்தைக் கணினி வரைந்து காட்டுகிறது. அதனை நம்பி மக்கள் முன்பணம் செலுத்துகின்றனர். ஆகவே, வரைந்த நீர் எப்போது மெய்யெனத் தோன்றுகிறது என்னும் வினா ஓவியருக்கு மட்டும் உரியதன்று.

பழகாத கை முதலில் செய்வது நீருக்கு நீலம் பூசுவது. குளம் உடனே வண்ணத் தகடாகிவிடும். நீரின் இயல்பு அதன் நிறத்தில் இல்லை. ஒளியை அது நடத்தும் விதத்தில் இருக்கிறது. நேர் கீழே நோக்குவோர்க்கு நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கையே திருப்பி அனுப்புகிறது. அடித்தளம் தெளிவாகத் தெரிகிறது. சாய்ந்த பார்வைக்கு அதே பரப்பு ஆடியாகி எதிர்ச்சுவரைக் காட்டுகிறது. காலடியில் தெளிவு, தொலைவில் பிம்பம்: இவ்விரண்டும் ஒரே படத்தில் அமைதல் வேண்டும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 ஆதலால், 2 மீட்டர் ஆழம் மேலிருந்து காண்பார்க்கு 1.5 மீட்டராகவே தோன்றும். ஏணியின் கம்பி நீர்மட்டத்தில் முறிந்தது போல் தெரிய வேண்டும். செந்நிறத்தை நீர் உறிஞ்சுவதால் ஆழம் கூடுந்தோறும் நீலமும் பசுமையும் ஏறும்.

இவை யாவற்றினும் அரியது ஒளிவலை. உச்சிவெயில் கிணற்றுக்குள் இறங்கும் வேளையில் சுவரில் நெளியும் அவ்வலையைத் தாயில்பட்டிக் கரிசல் நிலத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அலைமேடு வில்லையாகித் தரையில் ஒளியைக் குவிக்கிறது. அலைக்குழி ஆடியாகிச் சுவரிலும் கூரையிலும் வீசுகிறது. கணினிக்கோ இது நெடுங்காலம் எட்டாக்கனியாக இருந்தது. 1980இல் டர்னர் விட்டெட் வகுத்த முறை, கண்ணிலிருந்து பின்னோக்கிக் கதிர்களைத் தேடிச் செல்வது. அலையில் வளைந்து குவியும் ஒளி அத்தேடலில் எளிதில் அகப்படாது. 1990களின் இடையில் ஹென்ரிக் வான் ஜென்சன் விளக்கிலிருந்தே ஒளித்துகள்களை எய்து, அவை விழும் இடங்களைக் குறித்துவைத்துப் பின்னர் வரையும் முறையைத் தந்தார். ஒளிவலை அதன்பின் வசப்பட்டது. ஆயினும் உள்ளரங்கக் குளங்களை வரைவோர் பலர் தரையில் வலையை விரித்துவிட்டுக் கூரையை மறந்துவிடுகின்றனர். அசையாத கூரை படத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அளவிறந்த தூய்மையும் பொய்யே. நீர்மட்டத்தில் படிந்த சுண்ணாம்புக் கறை, ஓடுகளுக்கிடையே ஒரு சீராக இல்லாத பூச்சு, கரையில் உலராத ஈரக் காலடி: இவையின்றிக் குளம் குளமாகாது.

ஒரு நீச்சல் குளத்தின் பெயரையே தன் பெயராகப் பெற்ற புதுச்சேரிச் சிறுவனின் கதை 2012இல் திரைப்படமாக வந்தது. 'லைஃப் ஆஃப் பை' என்னும் அப்படத்தில் அவனுக்குப் பெயரளித்த பாரிஸ் மொலிட்டோர் குளம் 1929இல் திறக்கப்பெற்று, 1989இல் மூடப்பெற்று, 2014இல் மீண்டும் திறக்கப்பெற்றது. அதில் கூரையிட்ட குளமும் உண்டு. காட்சி விளைவுகளுக்காக 2013இல் ஆஸ்கர் விருது பெற்ற அப்படத்திற்கும் தைவானில் பெருந்தொட்டி அமைத்து உண்மையான நீரில் அலை எழுப்பினர். படகைச் சூழ்ந்த நீர் அது, அதற்கப்பால் விரிந்த கடலே கணினியினுடையது. பெரும்பொருள் செலவிட்டோரும் கைக்கெட்டும் நீரைக் கணினியிடம் முழுதும் ஒப்படைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

திரையரங்கில் ஏமாறுவதற்கென்றே சீட்டு வாங்குகிறோம். வீடு வாங்குவோர் நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள பொய்யான கூற்றை நம்பிப் பணம் செலுத்தி இழப்புற்றவர்க்கு இழப்பீடு பெறவும், திட்டத்தினின்று விலகினால் முழுப் பணத்தையும் வட்டியுடன் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. அவ்வுரிமையைக் கோருவோர் பாதுகாத்து வைக்க வேண்டியது, முன்பணம் கட்டிய நாளில் கையில் தரப்பெற்ற அந்த வண்ணத்தாள்.