விளையாட்டரங்கைத் திருத்தும் செலவு யாருடையது?



கொட்டாஞ்சேனைப் பகுதியிலே மாலை நான்கு மணிக்குப் பின் நடந்து செல்பவர் எவரும் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். இரண்டு செங்கற்களை இடைவெளி விட்டு வைத்து, அவற்றையே கோல் கம்பங்களாகக் கொண்டு, முச்சக்கர வண்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் வழிவிட்டு வழிவிட்டுச் சிறுவர்கள் உதைபந்தாடிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து சிறிது தூரத்திலேதான் ஏறக்குறைய 25,000 பேர் அமரத்தக்க சுகததாச விளையாட்டரங்கு நிற்கின்றது. ஒழுங்கையிலே செங்கல், அருகிலே பேரரங்கு. இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்துக்கொண்டுதான் இன்று பேச முற்படுகின்றேன்.

விளையாட்டரங்கு ஒன்று பழுதடைந்துவிட்டால் அதனைத் திருத்துவதற்கு யார் பணம் கொடுப்பது? அரசாங்கமா, மாநகர சபையா, உதைபந்தாட்டச் சம்மேளனமா, நுழைவுச் சீட்டு வாங்குகின்ற இரசிகனா, அன்றி உதவிக்கு வருகின்ற அயல்நாடா? கேட்பதற்கு இது கணக்காளருடைய வினாப்போலத் தோன்றும். ஆனால் பணம் கொடுப்பவர் யாரோ அவர் கையிலேதான் வாயிற்கதவின் திறப்பும் போய்ச் சேருகின்றது. ஆகையால் இது நம் பிள்ளைகளைப் பற்றிய வினாவுமாகும்.

கொழும்பு மாநகர முதல்வராக விளங்கிய வி. ஏ. சுகததாச அவர்களின் பெயர் தாங்கிய இவ்வரங்கு 1972ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது. 1991ஆம் ஆண்டிலும் 2006ஆம் ஆண்டிலும் தெற்காசிய விளையாட்டு விழாக்கள் இங்கு நடந்தேறின. 1995ஆம் ஆண்டிலே தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்திய அணியை ஒரு கோலினால் வென்றதும் இங்கேதான். அந்த ஒரு கோலைப் பற்றி இப்பகுதி முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். 1999ஆம் ஆண்டிலே தனிச் சட்டமொன்றினால் இவ்வரங்கை நிருவகிக்க ஓர் அதிகார சபையும் அமைக்கப்பட்டது. சட்டம் உண்டு, சபை உண்டு. பின் பழுது எங்கிருந்து வருகின்றது?

கடலிலிருந்து வருகின்றது என்று சொன்னால் நேயர்கள் சிரிக்க வேண்டாம். துறைமுகத்தை அடுத்த நிலம் இது. உப்புக் காற்று கொங்கிறீற்றின் நுண்ணிய துளைகளூடே புகுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. துருப்பிடித்த கம்பி முன்னையினும் பருத்துத் தன்னை மூடிய கொங்கிறீற்றையே பிளந்து தள்ளுகின்றது. படிக்கட்டின் விளிம்பிலே முதலில் ஒரு மயிரிழை வெடிப்புத் தெரியும். அப்போதே சுரண்டித் துருவகற்றிப் பூசினால் ஒரு மேசனுக்கும் அவர் உதவியாளுக்கும் ஒரு நாள் வேலை. பத்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பகுதியையே இடித்துக் கட்ட வேண்டும். புற்றரையும் அப்படித்தான். புல்லுக்கு அடியிலே மணல், அதற்கடியிலே சரளைக்கல், அதனுள்ளே துளையிட்ட குழாய் என ஒழுங்குபட அமைந்திருந்தால்தான் மழைநீர் இறங்கிப் போகும். கொழும்புக்கோ ஆண்டில் இரு பருவ மழை. குழாயிலே சேறு அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும், வேர் அழுகும், புல் போன இடத்தில் சேறும், சேறு காய்ந்த இடத்தில் கல்லும் மிஞ்சும். கொலன்னாவையில் வாழ்வோருக்கு நீர் தேங்கிய நிலம் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதத்துப் பெருவெள்ளத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

திருத்தத்தைத் தள்ளிப்போடுவதன் விலை பணம் மட்டுமன்று. இங்கிலாந்திலே பிராட்போர்ட் நகரில் 1985ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி நடந்ததைச் சொல்லுகின்றேன். பழைய மரப் பார்வையாளர் மேடை. பலகைகளின் இடுக்கு வழியே பல்லாண்டுகளாக விழுந்த கடதாசியும் குப்பையும் அடியிலே குவிந்து கிடந்தன. அம்மேடையைத் திருத்தும் வேலை ஆட்டப் பருவம் முடிந்ததும் தொடங்குவதாக இருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்திலே தீப்பற்றியது. 56 பேர் இறந்தனர். கடைசி ஆட்டத்திலே, நேயர்களே.

இனி, யார் கொடுப்பது என்ற வினாவுக்கு வருவோம். அரசாங்கம் கொடுக்கட்டும் என்பதே எல்லாருடைய வாயிலும் முதலில் வரும் விடை. நானும் அரசாங்கப் பாடசாலையிலே பணி புரிபவன். அரசாங்கம் கொடுப்பதை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கத்தின் பணம் என்பது யார் பணம்? மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் செலுத்துகின்ற வரிதானே? 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலவில்லை என்று இந்நாடு அறிவித்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற ஆண்டு அது. அத்தகைய காலத்திலே விளையாட்டரங்கின் கூரைக்குப் பணம் கேட்டு யார் முன் நிற்பது?

பெரிதாகக் கட்டிக் கடனிலே விழுந்த கதையும் நமக்குப் புதியதன்று. 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெற் போட்டிக்காக அம்பாந்தோட்டையிலும் பல்லேகலையிலும் அரங்குகள் எழுந்தன. மாளிகாவத்தையிலுள்ள பிரேமதாச அரங்கு புதுப்பிக்கப்பட்டது. போட்டி முடிந்தபோது கிரிக்கெற் நிறுவனம் பெருங்கடனிலே நின்றது. தேசிய அணி வீரர்களுக்கே சில மாதங்கள் ஊதியம் கொடுக்க இயலாமற் போயிற்று. வசதி மிக்க கனடாவிலும் இதே கதைதான். மொன்றியல் நகரிலே 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்கென எழுப்பிய அரங்கின் கடன் முப்பது ஆண்டுகள் கழித்து 2006இல்தான் தீர்ந்தது. புகையிலை மீது விதித்த தனி வரி அதற்குப் பெரிதும் பயன்பட்டது. விழாவைப் பாராதவனும், விழா நடந்த ஆண்டிலே பிறவாதவனுங்கூடச் சுருட்டுப் பற்றவைத்த போதெல்லாம் அந்த அரங்குக்குப் பணம் கட்டினான். கடன் தீர்ந்ததோடும் முடியவில்லை. அதன் கூரையை மாற்றுவதற்கு 870 மில்லியன் கனடிய டொலர் செலவாகும் என்று 2024இல் மாகாண அரசாங்கம் அறிவித்தது.

அயல்நாட்டு உதவியைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கை நினையாமலிருக்க முடியாது. 1975இல் கொல்லப்பட்ட யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கிய அரங்கு அது. 1999ஆம் ஆண்டிலே திருத்த வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பந்து உருள வேண்டிய மண்ணிலே அவை கிடந்தன. இதற்குமேல் அதைப் பற்றி நான் இங்கு விரித்துரைக்கவில்லை. போர் முடிந்த பின்னர் இந்திய அரசாங்கம் ஏறக்குறைய ஏழு கோடி இந்திய ரூபா செலவில் அவ்வரங்கைப் புதுப்பித்துக் கொடுத்தது. 2016ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆந் திகதி சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும், பிரதமர் நரேந்திர மோடி அவர்கள் தில்லியிலிருந்து காணொளி வாயிலாகவும் அதனைத் திறந்து வைத்தனர். அன்று பல்லாயிரம் மாணவர்கள் அந்தப் புற்றரையிலே யோகாசனம் செய்தார்கள். நன்றிக்குரிய உதவி அது, இதில் ஐயமில்லை. ஆயினும் கொடையாளி ஒருமுறை வருவார், நாடாவை வெட்டுவார், போய்விடுவார். மறுநாள் காலையிலே புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் உள்ளூரவர்தாம்.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா தருகின்ற பணம் இருக்கின்றதே என்பார்கள். இருக்கின்றது. ஆனால் 2023ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே இலங்கைச் சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாதத்திலேதான் அத்தடை நீங்கியது. நிருவாகிகள் தம்முள் பிணங்கினால் பணத்தின் வாய்க்காலும் அடைபட்டுப் போகின்றது. அவ்வாறு அடைபடக்கூடிய வாய்க்காலை நம்பி எவரும் நாற்று நடுவதில்லை.

சிலர் இலாபச்சீட்டைக் காட்டுவர். பிரித்தானியாவிலே 1990ஆம் ஆண்டில் உதைபந்தாட்டப் பந்தயத்தின் மீதான வரியை 42.5 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாகக் குறைத்து, அவ்வாறு மிஞ்சிய பணத்தை அரங்குகளைப் பாதுகாப்பாகத் திருத்துவதற்கு ஒதுக்கினார்கள். முந்திய ஆண்டு ஹில்ஸ்பரோ அரங்கிலே நெரிசலுண்டாகி 97 பேர் உயிரிழக்கக் காரணமாயிற்று. அதன்மேல் அமைந்த விசாரணையின் பயன் இது. நல்ல ஏற்பாடுதான். இங்கே எனக்கொரு தயக்கம் உண்டு. தேசிய இலாபச்சீட்டுச் சபை 1963ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டிலே உண்டு. சீட்டு வாங்குபவர் யார் என்று கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்று பாருங்கள். நாட்கூலியில் ஒரு பங்கைக் கொடுத்துக் கனவு வாங்குகின்றவர்களே பெரும்பாலோர். அவர்கள் மடியிலிருந்து இன்னும் ஒரு ரூபாவை எடுத்து அரங்குக்குக் கொடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜேர்மனி நாட்டிலே நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பேர்ளின் நகரிலே யூனியன் என்னும் கழகத்தின் அரங்கு இடிந்து விழும் நிலையிலிருந்தது, கழகத்திடம் பணமில்லை. 2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இரசிகர்கள் தாமே வந்து மண் சுமந்து, கொங்கிறீற் கலந்து, படிக்கட்டு அமைத்தார்கள். ஏறக்குறைய ஓர் இலட்சத்து நாற்பதாயிரம் மணித்தியாலம் அவர்கள் ஊதியமின்றி உழைத்தனர். நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் சிரமதானம். குளங்கட்டவும் பாதை போடவும் நாம் கூடியிருக்கின்றோம். விளையாட்டரங்குக்காகக் கூடியதாக நான் அறியேன்.

ஆனால் சிரமதானத்தாலும் நாள்தோறும் புல் வெட்ட முடியாது. அதற்கு நம் முன்னோரிடந்தான் போக வேண்டும். கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டிலே எழுப்பினார். அவருடைய புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அதனைக் கருங்கல்லாற் புதுக்கினார். கட்டுவதற்கு ஒரு குடும்பத்தின் செல்வம் போதும். விளக்கெரிப்பதற்கு? சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பார்த்தால், ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் 96 ஆடுகளைக் கொடுத்தார். இடையர் அவற்றைப் பேணி நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடானால் குட்டி அதன் இடத்திற்கு வரும், எண்ணிக்கை குறைவதில்லை. ஆதலால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றே எழுதி வைத்தார்கள். கோபுரம் கட்டியவர் பெயரும் ஆடு கொடுத்தவர் பெயரும் ஒரே சுவரிலேதான் வெட்டப்பட்டிருக்கின்றன. நமது விளையாட்டரங்குகளுக்குக் கோபுரம் கட்டுவோர் பலர் வருகின்றனர். ஆடு கொடுப்பாரைத்தான் காணோம்.

ஆகவே என் கருத்து இது. மக்கள் உயிருக்குப் பாதுகாப்பாயுள்ளவை, அதாவது படிக்கட்டு, கூரை, வெளியேறும் வழி, மின் இணைப்பு, மலசலகூடம் ஆகியவற்றின் செலவு பொதுப் பணத்திலிருந்தே வரவேண்டும். அதைப் பேரம் பேசலாகாது. மெத்தை நாற்காலியும், விருந்தினர் அறையும், ஒளிரும் பெரும் திரையும் வேண்டுமென்போர், அவற்றால் வருமானம் பெறுவோர், அவர்களே கொடுக்கட்டும். எவர் எதைக் கட்டிக் கொடுத்தாலும், கட்டுஞ் செலவில் ஒரு பங்கை வங்கியிலே தனிக் கணக்கில் இட்டு, அதன் வட்டியிலிருந்து மட்டும் பராமரிப்புக்கு எடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அதற்கு இணங்காத கொடையை, எவ்வளவு பெரிதாயினும், சற்றுத் தயங்கியே ஏற்க வேண்டும்.

இவ்வெண்ணம் எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் பாடசாலை மாணவ மாணவியரை ஒரு போட்டிக்காக ஓர் அரங்குக்கு அழைத்துச் சென்றேன். எந்த அரங்கு என்பது வேண்டாம். வாடகையை முற்பணமாகவே கட்டியிருந்தோம். பெற்றோர் பத்தும் இருபதுமாகச் சேர்த்துத் தந்த பணம் அது. புத்தம் புதிதாக வர்ணம் பூசிய முகப்பு. திறந்து வைத்த பெரியார்களின் பெயர் பொறித்த சலவைக்கல். உள்ளே பெண் பிள்ளைகளுக்கான மலசலகூடத்திலே தண்ணீர் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தி ஆட்டத்தின் பாதியிலே அயலிலுள்ள வீடொன்றுக்கு ஓடிப்போய் வர வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவள் தலைநிமிராமலே ஆடினாள். அங்கு மைதானம் பார்க்கும் முதியவரிடம் கோபமாகப் பேசிவிட்டேன். அவர் கையிலே ஒரு குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு, "சேர், இந்த வால்வு ஒன்றைத்தான் மாற்ற வேணும். எழுதிக் கொடுத்து ஏழு மாதமாகுது. கல்லுப் பதிக்கக் காசு வந்தது, இதுக்குத்தான் வரேல்லை" என்றார். அவரிடம் கோபித்துக்கொண்டது பற்றி எனக்கு இன்றும் வெட்கமுண்டு.

கடைசியாக வாயிற்கதவைப் பற்றி. பொதுப் பணத்தாற் பேணப்படும் எந்த அரங்கும் வாரத்தில் இரண்டு காலைகளேனும் அயற் பாடசாலைகளுக்கு வாடகையின்றித் திறந்திருக்க வேண்டும். புல் தேய்ந்துவிடும் என்பார்கள். தேயட்டும், பயன்பட்டுத் தேய்ந்த புல்லை மீண்டும் வளர்ப்பதற்கல்லவோ அந்தத் தனிக் கணக்கு? சலவைக்கல்லுக்குப் பக்கத்திலே ஒரு கரும்பலகையும் தொங்கட்டும். சென்ற மாதம் வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று, எந்தக் குழாய் எந்தத் திகதியிலே மாற்றப்பட்டது என்பவற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் அதிலே சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கட்டும். எழுதிக் கொடுக்க ஆளில்லையென்றால் என் மாணவர்கள் வருவார்கள்; அவர்களுடைய கையெழுத்து நன்றாகவே இருக்கும்.